மூன்று நட்சத்திர மாப்பிள்ளை

நட்சத்திரக்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. நட்சத்திரம் என்றதும் அசுவினி, பரணி என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடாதீர்கள்; இவர் ஜோசியர் இல்லை. ஜோசியராவது நாம் தட்சணை வைத்துக் கேட்டால்தான் வாயைத் திறப்பார். இவரை யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே, தின்ற இட்டிலிக்கும், குடித்த காபிக்கும், வெட்டிக்கொண்ட முடிக்கும், ஏறி இறங்கிய ஆட்டோவுக்கும், கும்பிட்ட சாமிக்கும் கைப்பேசியை எடுத்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு, அதற்குக் கீழே நாலு வரி அபிப்பிராயமும் எழுதிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓட்டலுக்குள் நுழைந்ததும் நாமெல்லாம் காலி மேசை எங்கே என்று தேடுவோம். இவர் மட்டும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பார். அது சுற்றுகிறதா என்று அல்ல, அதன் இறக்கையில் தூசி இருக்கிறதா என்று. பிறகு மேசையில் ஒரு விரலை இழுத்து, அந்த விரலை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். மெனு அட்டையை முதல் வரியிலிருந்து கடைசியில் இருக்கும் வரி விவரம் வரை ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்துவிட்டு, "இதுல இல்லாதது என்ன இருக்கு?" என்று கேட்பார். சாப்பாடு வந்ததும் சாப்பிட மாட்டார். தட்டை வடக்கே நகர்த்தி ஒரு படம், தெற்கே நகர்த்தி ஒரு படம், பக்கத்தில் இருப்பவரின் தண்ணீர் டம்ளரை அப்புறப்படுத்திவிட்டு ஒரு படம். எல்லாம் எடுத்து முடித்து ஒரு வாய் போட்டதும் முதல் குற்றச்சாட்டு கிளம்பும்: "ஆறிப்போச்சே!"

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுப் பெயர் கேட்பார். எதற்கு என்று அவர் பயந்துபோய் விழித்தால், "நல்லதுக்குத்தான்" என்பார். அந்த நல்லதை இதுவரை எந்தப் பரிமாறுகிறவரும் கண்ணால் கண்டதில்லை. கூட வந்தவர்கள் முகத்தைச் சுளித்தால் அவரிடம் தயாராக ஒரு வாக்கியம் உண்டு. "குறையா சொல்லுதேன்? ஒரு அபிப்பிராயம், அவ்வளவுதான்."

இந்த இனத்தின் சர்வ லட்சணங்களும் ஒருசேரப் பொருந்திய ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுமானால் டெல்லி ஜனக்புரிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். தட்சிணாமூர்த்தி, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குழாய் செய்கிற ஓர் அரசாங்க நிறுவனத்தில் தரப் பரிசோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் என்று சொன்னதை அவர் மனைவி உமாமகேஸ்வரி ஒப்புக்கொள்ள மாட்டாள். குழாய்தான் போயிற்று, பரிசோதனை எங்கே போயிற்று என்பது அவள் கேள்வி.

அவருடைய அபிப்பிராயங்கள் பிரசித்தமானவை. குற்றால அருவியைப் பற்றி, "தண்ணீர் தேவைக்கு மேல் வேகமாக விழுகிறது. இரண்டு நட்சத்திரம்" என்று எழுதியவர் அவர்தான். சக ஊழியர் ஒருவரை வழியனுப்பப் போய் வந்த மயானத்துக்கும் எழுதினார்: "இடம் விசாலம். வண்டி நிறுத்த வசதி உண்டு. ஊழியர்கள் சற்று அவசரப்படுத்துகிறார்கள். மறுபடி வருவேனா என்பது சந்தேகம்."

மனிதர் கெட்டவரா? சத்தியமாக இல்லை. அவர் வேலை பார்த்த இடத்தில் அவருக்கு இரண்டே முத்திரைகள் கொடுத்திருந்தார்கள். ஒன்று 'ஏற்கலாம்', மற்றது 'திருப்புக'. 'ஆகா' என்று ஒரு முத்திரை அங்கே கிடையாது. நல்ல குழாய்க்கு எதற்குப் பாராட்டு? ஒழுகாமல் இருப்பது அதன் கடமை அல்லவா? இந்தத் தத்துவத்தை அவர் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் ஒருவருக்கும் கஷ்டமில்லை. பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

ஐந்து நட்சத்திரம் என்றால் இனி திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். அப்படி ஒரு பொருளை ஆண்டவன் படைத்திருந்தால் அதை டெல்லியில் வைத்திருக்க மாட்டான் என்பது தட்சிணாமூர்த்தியின் கட்சி. நாலு என்பது யோசிக்க வேண்டிய விஷயம். அதை அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மூன்று என்பது அவரைப் பொறுத்தவரை மாலை, சால்வை, நாதஸ்வரம் எல்லாம் சேர்ந்தது. அதையும் அவர் யாருக்கும் போட்டதில்லை. அந்த மூன்று நட்சத்திரத்துக்குச் சமமாக அவர் வாயில் ஒரு சொல் உண்டு. பரவாயில்லை.

இந்தப் பரவாயில்லையைக் கொஞ்சம் கவனியுங்கள். பஸ்ஸில் காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளையைத் தேற்றுவதற்கும் பரவாயில்லை. கச்சேரியில் உருகிக் கரைந்துபோய் வெளியே வந்தவரை எப்படி இருந்தது என்று கேட்டாலும் அதே பரவாயில்லை. எந்தப் பரவாயில்லை எந்த ரகம் என்பதைச் சொல்கிறவரின் புருவத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தட்சிணாமூர்த்தி உமாவைப் பெண் பார்க்க வந்த அன்று கேசரியைத் தின்றுவிட்டு, பெண்ணையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்று சொன்னாராம். இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று பெண்ணின் அப்பா முடிவு கட்டிவிட்டார். மாப்பிள்ளையின் அக்காள்தான் அவரைத் தனியே அழைத்து, "எந் தம்பி வாயில இது வந்துட்டுன்னா, நீங்க மண்டபத்துக்குச் சொல்லிரலாம்" என்று தைரியம் சொன்னாள். அன்று முதல் உமா அந்தப் புருவத்தைப் படித்துப் படித்து அதில் பண்டிதையாகிவிட்டாள்.

அவர்களுடைய ஒரே மகள் மஞ்சு அந்தப் பாஷையைப் படிக்கவில்லை. டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ், பசிக்குது, தூக்கம் வருது, பஸ் போயிடுச்சு என்ற அளவில் நன்றாகவே ஓடும். அதற்கு மேலே போக வேண்டியிருந்தால் இந்தியைப் பிடித்துக்கொள்ளும். விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை. அந்த வேலையாகப் போன இடத்தில்தான் விபோர் சாஹ்னி என்ற பஞ்சாபிப் பையனைச் சந்தித்தாள். காளிந்தி குஞ்சுக்குப் பக்கத்தில், யமுனைக் கரையில், ஒரு மொட்டைமாடியைக் குத்தகைக்கு எடுத்து 'கினாரா' என்ற பெயரில் பீர் கடை நடத்துகிறவன். பீர் கடை என்று சொன்னால் மஞ்சுவுக்குக் கோபம் வரும். பப் என்று சொல்ல வேண்டும்.

"அப்பா, நீங்க ஒரு தடவை வந்து அவனைப் பாருங்க" என்றாள் மஞ்சு. "நீங்க அச்சான்னு சொன்னா, அடுத்த சண்டே அவன் மம்மி ரோக்காவுக்கு வருவாங்க. சொல்லலேன்னா, இல்ல. அவ்ளோதான். உங்களை அழ வெச்சிட்டு நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்."

ரோக்கா என்பது பஞ்சாபிகள் வீட்டில் பேசி முடிக்கிற சடங்கு. பெண்ணுக்கும் பையனுக்கும் இனி வேறு வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டோம் என்று ஊருக்குச் சொல்வது.

பையன் பஞ்சாபி என்பதில் தட்சிணாமூர்த்திக்கு மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. ஆனால் பையன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறான் என்று கேட்டதும், அவருக்கு அதற்கப்புறம் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. கை தானாகக் கைப்பேசியைத் தடவியது. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, ப்ளீஸ். ரிவ்யூ மட்டும் எழுதாதீங்க. ப்ராமிஸ்?"

"சே சே! பிள்ளை கல்யாண விஷயத்துல நான் அப்படிச் செய்வேனா?" என்றார். அதைச் சொன்னபோது மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜனக்புரியில் ஏறினால் நடுவில் மாறாமல் காளிந்தி குஞ்சில் இறங்கலாம், ஒரே மெட்ரோ. வழி நெடுக, அடுத்த நிலையத்தை அறிவிக்கிற குரலில் கொஞ்சம் தூக்கக் கலக்கம் தெரிகிறது என்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வந்தார். படியேறி மாடிக்குப் போனதும் 'ஆற்றங்கரைக் காட்சி' என்று இந்தியில் ஒரு பலகை. தட்சிணாமூர்த்தி கைப்பிடிச் சுவரருகே போய் எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை வெளேரென்று நுரை.

"ஆறு எங்கம்மா?"

"அந்த வெள்ளைக்குக் கீழே இருக்கு, அப்பா."

விபோர் வந்தான். உயரம், தாடி, முழங்கை வரை சுருட்டிய சட்டை. குனிந்து உமாவின் காலைத் தொட்டான். உமா மிரண்டு பின்வாங்கி, பிறகு ஆசீர்வதித்து, கணவர் காதருகே, "பேரு என்ன சொன்னான்? விபூதியா?" என்று கேட்டாள்.

"விபோர்."

"நாம விபூதின்னே கூப்பிட்டுக்கிடுவோம். நல்ல பேரு."

விபோர் நேராக நிமிர்ந்து நின்றுகொண்டு, ஒரு வாரமாக மஞ்சுவிடம் பாடம் கேட்டு உருப்போட்ட தமிழை ஒப்பித்தான். "வணக்கம் அப்பா. சாப்டாச்சா?"

"சாப்பிடத்தானே தம்பி வந்திருக்கோம்?" என்றார் தட்சிணாமூர்த்தி.

பையன் ஒன்றும் புரியாமல் மஞ்சுவைப் பார்த்தான். "குஷ் ஹைன்" என்றாள் மஞ்சு. சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பில் நேர்ந்த முதல் பிழை அது.

பீர் வந்தது. தட்சிணாமூர்த்தி ஒன்றும் குடிகாரர் அல்ல. நிறுவனத்தில் யாராவது ஓய்வு பெற்றால், அந்தத் துக்கத்தில் ஒரு கிளாஸ் பீர் குடிப்பார். ஆகையால் பீரைப் பற்றி அவருக்கு ஒரு பற்றற்ற பார்வை உண்டு. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுரையை விரல்கடையால் அளந்து, நுரை போதாது என்று கண்டார். சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்ததை மகளுக்குக் கொடுத்த வாக்குக்காக விழுங்கிவிட்டு, அதன் மேல் பீரையும் விழுங்கினார்.

அடுத்து தயிர்க் கபாப். தண்ணீரெல்லாம் வடித்த கெட்டித் தயிரில் இஞ்சியும் பச்சை மிளகாயும் பிசைந்து வறுத்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். ஒரு வாய் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். உமா மகளின் கையை மேசைக்கடியில் கிள்ளினாள். அந்த மனிதர் சாப்பாட்டுக்குக் கண்ணை மூடி அவள் பார்த்ததில்லை. தட்டு காலியானதும் இன்னொரு தட்டு அவரே கேட்டு வாங்கினார். அதில் ஒட்டியிருந்த புதினாச் சட்டினியை, அதிகாரியாக இருந்தவர், விரலால் வழித்தார்.

அப்புறம்தான் முழங்கையை மேசையில் ஊன்றினார். மேசை ஆடியது. பீர் கொஞ்சம் தளும்பிக் கொட்டியது. தட்சிணாமூர்த்தியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அப்பாடா, வாய்விட்டுச் சொல்வதற்கு ஒரு நியாயமான குறை! ஆளைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். அதற்குள் விபோர் பார்த்துவிட்டான். ஆளைக் கூப்பிடவில்லை, அவனே மண்டி போட்டு உட்கார்ந்து, ஓர் அட்டையை மடித்து மேசைக்காலுக்கு அடியில் செருகினான். எழுந்து ஒவ்வொரு மூலையாக அமுக்கிப் பார்த்தான். நாலாவது மூலையில் அவனுக்குத் திருப்தி இல்லை. மறுபடியும் மண்டி போட்டு, அட்டையைக் கொஞ்சம் கிழித்து, திரும்பச் செருகி, திரும்பவும் ஒவ்வொரு மூலையாக அமுக்கினான்.

தட்சிணாமூர்த்தி தூக்கிய கையை இறக்கிவிட்டார். சரி செய்வது பெரிதில்லை, சரி செய்ததை மறுபடி சோதித்துப் பார்க்கிறவன்தான் மனிதன் என்று பணிக்காலம் முழுவதும் தனக்குக் கீழே இருந்தவர்களிடம் தொண்டை கிழியக் கத்தியவர் அவர். ஒருத்தனும் கேட்டதில்லை. இவன் யாரும் சொல்லாமலே செய்கிறான். அந்த நிமிஷத்தில் அவருக்குப் பையனை அப்படியே பிடித்துப்போய்விட்டது. சாதி, பாஷை, தாடி எதுவும் குறுக்கே வந்து நிற்கவில்லை. இவன் கையில் மகளைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தார்.

விபோர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றான். "அங்கிள்ஜீ, கைஸா லகா?"

எப்படி இருந்தது என்று கேட்கிறான். கபாபைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.  தட்சிணாமூர்த்தி தன் மனத்தில் ஊறியிருந்த அத்தனை பிரியத்தையும் திரட்டி, ஒரு சொல்லில் அடைத்து, தெளிவாக உச்சரித்தார்.

"பரவாயில்லை."

உமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரோக்காவுக்கு எந்தப் புடவை என்ற யோசனைக்கே போய்விட்டாள். ஆனால் பையன் தமிழனா, புருவத்தைப் பார்க்க? அவன் காதில் விழுந்தது 'பர்வா நஹீ'. இந்தியில் அதற்கு எனக்கென்ன கவலை, எக்கேடு கெட்டால் என்ன என்று அர்த்தம். அவன் முகம் வாடியது. இருந்தாலும் மரியாதை தெரிந்த பிள்ளை, சிரித்துவிட்டு, காகிதத் துவாலை எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போனான். மஞ்சு குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் திரும்பி வரும் மெட்ரோவில், நட்சத்திரக்காரருக்குக் கை அரித்தது. வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று மனசாட்சி முனகியது. அவர் மனசாட்சியோடு வாதாடினார். பிள்ளை என்ன சொன்னாள்? ரிவ்யூ எழுதாதீங்க என்றாள். ஏன் சொன்னாள்? குறை எழுதிவிடுவேன் என்று பயந்து சொன்னாள். நான் எழுதப் போவதோ பாராட்டு. பாராட்டு எப்படி ரிவ்யூ ஆகும்? மனசாட்சி வாயை மூடிக்கொண்டது. மகளும் மனைவியும் எதிர் இருக்கையில் கண்ணயர்ந்திருந்தார்கள். உணர்ச்சி மிகுந்திருந்ததால் தாய்மொழியிலேயே எழுதினார்.

"கபாப் பரவாயில்லை. பீரில் நுரை குறைவு, ஆற்றில் நுரை அதிகம், மாற்றிக்கொண்டால் நலம். மேசை இப்போது ஆடவில்லை. முதலாளிப் பையன் பரவாயில்லை."

அதன் தலைமேல், வாழ்க்கையில் முதல் முறையாக, மூன்று நட்சத்திரம் போட்டார். போட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தார். தாராள மனம் படைத்த ஒருவரின் முகமாகத் தெரிந்தது.

விபோரின் அம்மா காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மகன் கடைக்கு வந்த நட்சத்திரங்களைப் பார்க்கிறவர். திங்கட்கிழமை காலையில் பார்த்தார். புரியாத எழுத்து, ஆனால் பெயர் தெரிந்த பெயர். மொழிபெயர் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினார். கைப்பேசிக்குப் புருவம் கிடையாது. காலை மிதித்தவருக்குச் சொல்கிற பரவாயில்லையை எடுத்து அது இந்தியில் போட்டது. நுரைச் சமாசாரம் போக, அதைத் திரும்பத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கபாப், போனால் போகட்டும். மேசை இப்போது நடனமாடவில்லை. முதலாளிப் பையன், போனால் போகட்டும்."

போனால் போகட்டுமா? என் பிள்ளையா? அதுவும் மூன்று நட்சத்திரமா? இவருக்கு மேசை வேறு நடனமாட வேண்டுமா? சாஹ்னி அம்மாள் நேரே மஞ்சுவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மூன்றே வார்த்தைதான் பேசினார். ரோக்கா என்றார், ருக் கயா என்றார். நின்றுபோயிற்று. வைத்துவிட்டார்.

மஞ்சு கூடத்தின் நடுவில் கைப்பேசியோடு நின்றாள். தட்சிணாமூர்த்தி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லியிருக்கலாமே அப்பா. ஏன் அங்க போய் எழுதினீங்க?"

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா?" அவருக்கு உண்மையிலேயே வலித்தது. "மூணு போட்டிருக்கேம்மா! மூணு! இன்னைய வரைக்கும் யாருக்குப் போட்டிருக்கேன்? உங்க அம்மைட்ட கேளு!"

"பரவாயில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா, எழுதியிருக்கேன். ரெண்டு தடவை எழுதியிருக்கேன்."

"மத்லப் என்ன அப்பா அதுக்கு? 'கோயி பாத் நஹீ', அதானே? சரி போ, விடுன்னுதானே?" அவள் கைப்பேசியை அவர் முன்னால் நீட்டினாள். "ட்வெல்த்ல நான் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தப்ப என்ன சொன்னீங்க? பரவாயில்லை. முதல் சேலரில உங்களுக்கு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன், ஞாபகம் இருக்கா? பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் நீங்க எனக்கு ஆறுதல் சொல்றீங்கன்னுதான் நான் நினைச்சேன். ஏதோ கம்மியாப் போச்சு, பாவம், போகட்டும்னு. உங்களுக்கு நான் போதும்னு ஒரு தடவைகூட நீங்க சொன்னதில்ல."

தட்சிணாமூர்த்தி பேப்பரை மடித்து வைத்தார். மகள் பள்ளியில் முதலாவதாக வந்த அன்று அவர் அலுவலகத்தில் தன் காசில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தவர். அது அவளுக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. ஜிலேபி தின்றவர்களுக்கெல்லாம் தெரிந்தது, பெற்ற மகளுக்கு இன்று வரை தெரியவில்லை. 

"அட கிறுக்குப் பிள்ளை, அப்படியா நெனச்சிக்கிட்டு இருந்தே?" என்று உமா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "காலம் பூரா நான் பக்கத்துல நின்னு உங்க பேச்சுக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டே இருக்க முடியுமா? பிள்ளைக்கிட்டயாவது நேரா சொல்லுங்க."

"என்னன்னு சொல்லணும்?"

"நல்லா இருக்குன்னு சொல்லணும். வேற என்ன?"

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய நாக்குக்குப் பழக்கமில்லாத சொல் அது. தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமினார். 

"நல்லாத்தான் இருக்கு."

"அந்த 'தான்' எதுக்கு?" என்றாள் உமா. "அதை எடுங்க."

"நல்லா இருக்கு. ஆனா..."

"ஆனாவையும் எடுங்க!"

அவர் மகளைப் பார்த்தார். எதைப் பார்த்தாலும் எங்கே விரிசல் என்று தேடிய கண் இப்போது எதையும் தேடவில்லை.

"நல்லா இருக்கும்மா" என்றார். "ரொம்ப நல்லா இருக்கு. அந்தக் கபாபு, அந்தப் பையன், எல்லாம். நீயும்தான். நீ பிறந்த அன்னைலேருந்தே."

மஞ்சு அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவரும் அழுதார். உமாதான் அழவில்லை; இந்த மனிதருக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஆனதெல்லாம் ஆக வேண்டியதுதான். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கைப்பேசியில் நட்சத்திரத்தைத் திருத்தினார். நாலாவது வரை பெருவிரல் போய்விட்டது. ஐந்தாவதுக்கு நகர மறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். சாஹ்னி அம்மாளைத் தானே கூப்பிட்டு, பரவாயில்லையின் வகைகளைத் தமக்குத் தெரிந்த இந்தியில் உதாரணங்களோடு விளக்கினார். அந்த அம்மாளுக்கு விளக்கம் புரியவில்லை. கடைசியில் சொன்ன 'பஹுத் அச்சா' மட்டும் புரிந்தது. "மேரா பேட்டா பீ?" என்றார். என் பிள்ளையுமா? "பஹுத் அச்சா" என்றார் இவர். அடுத்த ஞாயிறே ரோக்கா. விபோர் லட்டை நீட்டி, "எப்படி அப்பா?" என்று தமிழில் கேட்டபோது, "நல்லா இருக்கு" என்று 'தான்', 'ஆனா' இரண்டும் இல்லாமல் பதில் சொன்னார். அன்று முழுவதும் அவர் கைப்பேசி உமாவின் இடுப்புச் செருகலில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். நமக்கெல்லாம் இந்த வியாதி இல்லை, நாம் கைப்பேசியில் யாருக்கும் ஒரு நட்சத்திரம்கூடப் போட்டதில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அபிப்பிராயம் சொல்வதற்குக் கைப்பேசி அவசியம் என்று யார் சொன்னது? இன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட்டீர்கள் அல்லவா? உங்கள் தட்டில் ரசத்தை விட்டுவிட்டு ஒருவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாரே, கவனித்தீர்களா? இன்னும் வேண்டுமா என்று கேட்பதற்காக நிற்கவில்லை அவர். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உப்பு ஒரு கல் தூக்கல்" என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது. கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.